அந்த மழைச்சட்டை ஒழுகவே இல்லை

மாணவர்களே, மலையேற்றத்துக்கென்று கடைகளில் விற்கும் துணி மழைச்சட்டை ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால் எடுத்து வாருங்கள். மேசைமேல் விரித்து, தோள்பகுதியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சொட்டு முத்துப்போல் உருண்டு நின்றால் நல்லது. அப்படியே பரவி, துணியின் நிறம் அந்த இடத்தில் கறுத்துப் போனால், உங்களில் பலர் என்ன முடிவுக்கு வருவீர்கள் என்பது எனக்குத் தெரியும். "சட்டை கெட்டுப்போச்சு." நானும் ஒரு காலத்தில் அந்த முடிவுக்குத்தான் வந்தேன்.

வேலையில் சேர்ந்த புதிதில், கினபாலு மலை ஏறுவதற்காக 680 ரிங்கிட் கொடுத்து ஒரு மழைச்சட்டை வாங்கினேன். அன்றைக்கு எனக்கு அது பெரிய தொகை. அம்மாவிடம் பாதி விலைதான் சொன்னேன். முதல் பயணத்தில் சட்டை அற்புதமாக உழைத்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, அதே சட்டையோடு இரண்டாம் முறை ஏறினேன். 1,866 மீட்டர் உயரத்தில் உள்ள திம்போஹோன் நுழைவாயிலைக் கடந்து ஒரு மணி நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. 3,272 மீட்டரில் இருக்கும் லாபான் ராத்தா தங்குமிடத்தை அடைவதற்குள் உள்ளே போட்டிருந்த பனியன் தொப்பலாக நனைந்துவிட்டது. பல் கிட்டியது. விடியற்காலை இரண்டரை மணிக்கு உச்சிக்குப் புறப்பட்ட குழுவோடு நான் போகவில்லை, போர்வைக்குள் கிடந்தேன். ஊருக்குத் திரும்பியதும் சட்டையைக் குப்பைத்தொட்டியில் போட்டேன்.

அந்தச் சட்டையில் ஓட்டை எதுவும் இல்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு மேலும் மூன்று ஆண்டுகள் ஆயின. அறிவியல் ஆசிரியர் என்ற பெயரை வைத்துக்கொண்டு இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

இத்தகைய சட்டை ஒரே துணிபோலத் தெரிந்தாலும் உள்ளே அடுக்குகள் உண்டு. வெளியே நைலான் அல்லது பாலியெஸ்டர் துணி. அதன் உட்புறத்தில் ஒட்டப்பட்ட, தாளைவிட மெல்லிய ஒரு சவ்வு. அதற்கும் உள்ளே ஒரு மெல்லிய உறை. மழையைத் தடுப்பது நடுவில் இருக்கும் சவ்வுதான். இந்தச் சவ்வுகளில் புகழ்பெற்றது கோர்டெக்ஸ். 1969-ஆம் ஆண்டு அமெரிக்காவில் பாப் கோர் என்பவர், ஒட்டாத தோசைக்கல்லில் பூசுகிறார்களே, அதே டெஃப்லான் பொருளைச் சூடாக்கி இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாக இழுத்தால் அறுந்துகொண்டே இருந்தது. பொறுமை இழந்து ஒரு கம்பியை வெடுக்கென்று இழுத்தார். அது அறுந்து போகாமல் பல மடங்கு நீண்டது. உள்ளெல்லாம் நுண்துளைகள் உண்டாயின. ஒரு துளை, நீர்த்துளியைவிட 20,000 மடங்கு சிறியது, நீராவி மூலக்கூற்றைவிட 700 மடங்கு பெரியது என்று அந்த நிறுவனம் சொல்கிறது. மழை உள்ளே வராது. வியர்வை ஆவியாக வெளியேறிவிடும்.

அப்படியானால் நான் ஏன் நனைந்தேன்?

இங்கேதான் வெளித்துணியின் மேல் பூசப்பட்டிருக்கும் நீர்விலக்குப் பூச்சைக் கவனிக்க வேண்டும். நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுக இழுத்துக்கொள்கின்றன. நீரின் பரப்பு இழுவிசை 25 டிகிரி செல்சியஸில் மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். துணியின் பரப்பு நீரை இழுக்கும் வலிமை, நீர் தன்னைத்தானே இழுக்கும் வலிமையைவிட மிகக் குறைவாக இருந்தால் சொட்டு உருண்டை வடிவிலேயே நிற்கும். பூச்சு செய்யும் வேலை அவ்வளவுதான். ஆனால் அந்தப் பூச்சின்மேல் உடல் எண்ணெய், சூரியத் தடுப்புக் களிம்பு, சேறு, சாதாரணச் சலவைத்தூளின் மிச்சம் எல்லாம் படிகின்றன. சலவைத்தூளின் மூலக்கூறு ஒரு முனையில் அழுக்கையும் மறுமுனையில் நீரையும் விரும்புவது என்று படித்திருப்பீர்கள். அது துணியிலேயே தங்கிவிட்டால் மழைநீரை வா வா என்று அழைக்கும். வெளித்துணி நீரைக் குடித்துவிடும். சவ்வு அப்போதும் மழையை உள்ளே விடாது. ஆனால் துணியில் தேங்கிய நீர்ப்படலம் ஆவி வெளியேறும் வழியை அடைத்துவிடும். வியர்வை உள்ளேயே குளிர்ந்து நீராகிவிடும். நீர் காற்றைவிட ஏறக்குறைய 24 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும் என்பதால் உடல் நடுங்கத் தொடங்கும். கினபாலுவில் நான் நனைந்தது என் வியர்வையில். சட்டைக்குத் தேவைப்பட்டது ஒரு நல்ல சலவை மட்டுமே.

(ஓர் இடைக்குறிப்பு. ஆவி வெளியேற வேண்டுமானால் வெளிக்காற்றில் ஈரம் உள்ளே இருப்பதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். நம் தாழ்நிலக் காடுகளில், 27 டிகிரியில், காற்று ஏற்கெனவே ஈரம் குடித்திருக்கும்போது எவ்வளவு விலையுயர்ந்த சவ்வும் திணறும். அங்கே போவதற்கு இந்தச் சட்டை வேண்டாம்; பத்து ரிங்கிட் பொன்சோ போதும். கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார்.)

இந்தப் பழைய கதை சென்ற ஆண்டு திரும்ப நினைவுக்கு வந்தது. எங்கள் பள்ளி மலையேறும் கழகம் கேமரன் மலையில் உள்ள 2,110 மீட்டர் உயரக் குனோங் ஈராவுக்குப் போகத் திட்டமிட்டது. பாசி படர்ந்த காடு, எந்நேரமும் தூறல், கணுக்கால்வரை சேறு. மழைச்சட்டை கட்டாயம் என்று அறிவித்திருந்தோம். மறுநாள் படிவம் 4 மாணவி ஒருத்தி ஆய்வுக்கூடத்துக்கு ஒரு பையோடு வந்தாள். உள்ளே, மெல்பர்னில் படித்த அவளுடைய அண்ணனின் பழைய மழைச்சட்டை.

"சார், அம்மா இதைத் தூக்கிப் போடச் சொல்லிட்டாங்க. ஒழுகுதாம். புதுசு வாங்க வீட்ல கேக்க முடியாது. இது ஆகுமா பாருங்க."

எனக்குப் பழைய குற்றவுணர்வு. உடனே சொட்டுச் சோதனை செய்தோம். சொட்டு பரவியது. சட்டையின் உள்பட்டையில் இருந்த சலவைக் குறிப்பைப் படித்துவிட்டு, துணி மென்மையாக்கி கலக்காத திரவச் சோப்பில் அலசி, வெறும் தண்ணீரில் இரண்டு முறை மறுபடி அலசினாள். பிறகு பள்ளிக்கு எதிரே இருக்கும் சுயசேவை டோபிக் கடையில் மிதமான சூட்டில் 20 நிமிடம் உலர்த்தினோம். சூடு ஏன்? பூச்சில் உள்ள மூலக்கூற்றுச் சங்கிலிகள் தேய்மானத்தால் படுத்துவிடுகின்றன. சூடு பட்டால் மறுபடி நிமிர்ந்து நிற்கின்றன. முதுகிலும் கைகளிலும் சொட்டு முத்துமுத்தாக உருண்டது. டோபிக் கடையிலேயே அவள் ஒரு சத்தம் போட்டாள். துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா திரும்பிப் பார்த்தார். தோள்பட்டையில் மட்டும் பையின் வார் உரசி உரசிப் பூச்சே தேய்ந்துபோயிருந்தது. அங்கே கடையில் விற்கும் நீர்விலக்குத் தெளிப்பான் அடித்தோம்.

இதோடு முடிந்திருந்தால் இந்தக் கட்டுரையே தேவைப்பட்டிருக்காது. சட்டையை உள்பக்கம் திருப்பியபோதுதான் வேறொன்று கண்ணில் பட்டது. தையல் ஓடும் இடங்களில் உள்ளே ஒட்டியிருக்கும் நாடா கழுத்துப் பகுதியிலும் இடது கையிலும் உரிந்து, நகத்தால் சுரண்டினால் பிசுபிசுவென்று வந்தது.

உங்களுக்கு இது புதிதல்ல. ஆண்டிறுதி விடுமுறைக்குப் பிறகு காலணியை எடுத்துப் போட்டதும் அடிப்பாகம் பொலபொலவென்று உதிர்ந்த அனுபவம் பலருக்கு இருக்கும். போடாமலேயே எப்படிக் கெட்டது என்று வீட்டில் வியந்திருப்பார்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றே. காலணியின் மெத்தென்ற அடிப்பாகம், மழைச்சட்டையின் நாடாவில் உள்ள பசை, மலிவான சட்டைகளின் உள்பூச்சு ஆகியவை பெரும்பாலும் பாலியூரித்தேன் என்ற பாலிமரால் ஆனவை. அதில் ஒரு வகையின் சங்கிலியில் எஸ்டர் பிணைப்புகள் இருக்கின்றன. நீர் மூலக்கூறு அந்தப் பிணைப்பைத் தாக்கி, அமிலமாகவும் ஆல்கஹாலாகவும் உடைக்கிறது. இதற்கு நீராற்பகுப்பு என்று பெயர். உண்டாகும் அமிலம் அடுத்த பிணைப்பு உடைவதையும் விரைவுபடுத்தும். ஆகவே கெடத் தொடங்கினால் வேகம் கூடிக்கொண்டே போகும். இதற்கு மழை தேவையில்லை. நம் நாட்டின் காற்றே போதும். இங்கே ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டித்தான் இருக்கிறது. மூடிய அலமாரிக்குள், ஈரம் காயாமல் மடித்து வைத்த சட்டைக்கு அது ஒரு மெதுவான அடுப்பு. அண்ணன் மெல்பர்னில் அணிந்தபோது கெடாத சட்டை, இங்கே அலமாரியில் சும்மா கிடந்து கெட்டிருக்கிறது.

சட்டையைத் தயாரித்த நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதச் சொன்னேன். இரண்டு படங்களையும் இணைத்தாள். இரண்டு நாளில் மிக மரியாதையான பதில் வந்தது. நாடாவை மாற்ற முடியும். தங்கள் பழுதுபார்ப்பு நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். நிலையம் இன்னொரு கண்டத்தில் இருக்கிறது. அனுப்பும் செலவு அவளுடையது. எட்டு வாரம்வரை ஆகலாம். பயணத்துக்கு ஐந்து வாரம்தான் இருந்தது.

"அப்ப நம்மூர்த் தையல்காரர்கிட்ட குடுத்தா என்ன சார்?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அதற்கான பதிலில்தான் உற்பத்தியாளரின் பழுதுபார்ப்புச் சேவைக்கு உரிய மதிப்பு இருக்கிறது. 80 என்று எண் போட்ட தையல் ஊசியின் தடிப்பு 0.8 மில்லிமீட்டர், அதாவது 800 மைக்ரான். சவ்வின் நுண்துளைகளோ ஒரு மைக்ரானுக்கும் சிறியவை. ஊசி ஒருமுறை குத்தினால், சவ்வின் துளையைப்போல் 800 மடங்குக்கும் அகலமான ஓட்டை. தையல்காரர் எவ்வளவு நேர்த்தியாகத் தைத்தாலும் அந்த வரிசை ஒழுகும். தைத்த பிறகு அதன்மேல் அதே சவ்வுக்குப் பொருந்தும் நாடாவைச் சரியான சூட்டில் வெப்பக்காற்று இயந்திரத்தால் அழுத்த வேண்டும். சூடு குறைந்தால் ஒட்டாது. கூடினால் சவ்வு சுருங்கிவிடும். எந்தச் சட்டைக்கு எந்த நாடா, எத்தனை டிகிரி என்பது அதைத் தயாரித்தவருக்குத்தான் முழுமையாகத் தெரியும்.

அந்த அறிவை வாடிக்கையாளருக்குத் திரும்பக் கொடுக்கும் நிறுவனங்கள் புதியவை அல்ல. இங்கிலாந்தின் சவுத் ஷீல்ட்ஸ் நகரில் 1894-இல் தொடங்கிய பார்பர் நிறுவனம், மெழுகு ஊட்டிய பருத்தித் துணியில் மழைச்சட்டை செய்கிறது. மெழுகு போனால் சட்டையைத் திருப்பி அனுப்பலாம். கிழிசல் தைத்து, புதிதாக மெழுகு பூசித் தருவார்கள். 1921 முதல் இதைச் செய்து வருகிறார்கள். கனடாவின் ஆர்க்டெரிக்ஸ் தன் கடைகளுக்குள்ளேயே பழுது பார்க்கும் மேசைகளை வைத்திருக்கிறது. அதிகம் பேசப்படுவது அமெரிக்காவின் பேட்டகோனியா. நெவாடா மாநிலத்தின் ரீனோ நகரில் உள்ள அதன் நிலையத்தில் ஆண்டுதோறும் பல்லாயிரம் உடைகள் பழுது பார்க்கப்படுகின்றன. ஜிப் மாற்றுகிறார்கள், கிழிந்த துண்டை வெட்டிவிட்டுப் புதுத் துண்டு வைக்கிறார்கள், இறகு கொட்டும் குளிர்ச்சட்டைக்கு ஒட்டுப் போடுகிறார்கள். பழுது பார்ப்பவர் கண்ட குறை அடுத்த ஆண்டு வடிவமைப்பாளரின் மேசைக்குப் போகிறது என்பது எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. முழுச் சட்டையையும் பிரிக்காமல் ஜிப்பை மட்டும் கழற்றும்படி தைக்க வேண்டும் என்பது ஆயிரம் ஜிப் மாற்றியவருக்குத்தான் தோன்றும்.

அதே நிறுவனம் 2011 நவம்பரில், அமெரிக்கர்கள் கடைகளில் முண்டியடிக்கும் கறுப்பு வெள்ளியன்று, நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தது. தன் சட்டை ஒன்றின் படத்தைப் போட்டு, இதை வாங்காதீர்கள் என்று சொன்னது. அந்த ஒரு சட்டையைச் செய்ய 135 லிட்டர் நீர் செலவானது. ஏறக்குறைய 9 கிலோகிராம் கரியமில வாயு, அதாவது சட்டையின் எடையைப்போல் 24 மடங்கு, வெளியானது என்ற கணக்கையும் வெளிப்படையாக அச்சிட்டது. அடுத்த ஆண்டு அதன் விற்பனை குறையவில்லை, கூடியது. இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் தான் விற்கும் பொருளின் சூழல் செலவை எண்ணாக எழுதிக் காட்டும் நிறுவனங்கள் மிகச் சில. எண் கையில் இருந்தால் நாம் கணக்குப் போடலாமே. போட்டோம்.

கழகக் கூட்டத்தில் வெள்ளைப்பலகையில் நாங்கள் போட்ட கணக்கு இதுதான். 9 கிலோவை 24-ஆல் வகுத்தால் அந்தச் சட்டையின் எடை ஏறக்குறைய 375 கிராம். கோலாலம்பூரிலிருந்து ரீனோவுக்கு நேர்க்கோட்டில் சுமார் 14,000 கிலோமீட்டர், போய்வர 28,000. பேட்டகோனியா ஜப்பானிலும் ஐரோப்பாவிலும்கூட பழுது பார்க்கிறது. கணக்குக்காக ரீனோவையே வைத்துக்கொண்டோம். விமானத்தில் ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோனால் தோராயமாக அரை கிலோ முதல் ஒரு கிலோவரை கரியமில வாயு வெளியாகும். 0.000375 டன்னை 28,000-ஆல் பெருக்கினால் 10.5. ஆக 5 கிலோ முதல் 10 கிலோவரை. புதிய சட்டை செய்ய 9 கிலோ!

வகுப்பில் ஒரு நிமிடம் பேச்சில்லை. பிறகு ஒரு பையன், "அப்ப ரிப்பேர் பண்றதும் வேஸ்ட்டா சார்?" என்றான். இல்லை. நீர் 135 லிட்டர் மிச்சம், கழிவு மிச்சம். கப்பலில் அனுப்பினால் அந்தக் கரியமில வாயு பல பத்து மடங்கு குறையும்.  கணக்கு எங்களுக்குச் சொன்னது வேறு: பழுதுபார்ப்புச் சேவையின் பயன், அந்த மேசை உங்களிடமிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதைப் பெரிதும் பொறுத்தது.

இப்போது உங்கள் சட்டையின் உள்பட்டையை மறுபடி பாருங்கள். பல சட்டைகளில் வியட்நாம், சீனா, வங்காளதேசம் என்று எழுதியிருக்கும். அந்த மாணவியின் சட்டை வியட்நாமில் தைக்கப்பட்டது. நாடாவை ஒட்டும் வெப்பக்காற்று இயந்திரம், அதை இயக்கத் தெரிந்த கைகள், நாடாச் சுருள், எல்லாம் ஹோ சி மின் நகரத்தைச் சுற்றி இருக்கின்றன. கோலாலம்பூரிலிருந்து அங்கே சுமார் 1,000 கிலோமீட்டர்தான். அதே கணக்கை அந்தத் தூரத்துக்குப் போட்டால் போய்வர ஒரு கிலோவுக்கும் குறைவான கரியமில வாயு. நம் பக்கத்து நாட்டில் தைத்த சட்டையைப் பழுது பார்க்க இன்னொரு கண்டத்துக்கு அனுப்பச் சொல்வது தொழில்நுட்பத்தின் குறை அல்ல. பணமுள்ள வாடிக்கையாளர்கள் எங்கே இருக்கிறார்களோ அங்கே நிலையம் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

வேறு வழி உண்டு என்பதற்கு ஆம்ஸ்டர்டாம் சாட்சி. 2022-இல் அங்கே யுனைட்டெட் ரிப்பேர் சென்டர் என்ற பொதுப் பழுதுபார்ப்பு நிலையம் தொடங்கியது. முதலில் பேட்டகோனியாவின் உடைகள் வந்தன. பிறகு மற்ற நிறுவனங்களும் சேர்ந்தன. ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியாக நிலையம் கட்டாமல் ஒரே கூரையின்கீழ் பல நிறுவனங்களின் உடைகளைச் சரிசெய்கிறார்கள். வேலை கிடைக்காமல் தவித்த அகதிகள் உட்படப் பலர் அங்கே பயிற்சி பெற்று வேலை செய்கிறார்கள். பிரான்ஸ் அரசு இன்னொரு வழியைப் பிடித்தது. 2023 நவம்பர் முதல், துணியோ காலணியோ பழுது பார்த்தால் ரசீதில் 6 யூரோவிலிருந்து 25 யூரோவரை கழித்துக்கொள்கிறார்கள். அந்தப் பணம், விற்பனை செய்யும் நிறுவனங்கள் கட்டும் கட்டணத்திலிருந்து வருகிறது. பழுது பார்ப்பதற்கான செலவின் ஒரு பங்கைச் சட்டை விற்கும்போதே வாங்கி வைத்துவிடுகிறார்கள் என்று புரிந்துகொள்ளலாம்.

தென்கிழக்கு ஆசியாவுக்கு இப்படிப் பல நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் ஒரு பொது நிலையம் வேண்டும் என்பது என் கருத்து. அது வரும்வரை, நிறுவனங்கள் நாடா, ஜிப், சூட்டின் அளவு ஆகியவற்றைப் பூட்டி வைக்காமல் உள்ளூர்க் கைவினைஞர்களுக்கு விற்கவும் சொல்லிக் கொடுக்கவும் வேண்டும். நீராற்பகுப்பு நம் ஈரக்காற்றில்தான் வேகமாக நடக்கிறது. சட்டைகள் அதிகம் கெடும் இடத்தில் பழுது பார்க்க ஆளில்லை என்றால், ஆயுள் உத்தரவாதம் என்று பட்டையில் அச்சிட்டிருப்பது யாருடைய ஆயுளைப் பற்றி?

இந்தச் சேவையால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவரவில்லை. சவ்வே துணியை விட்டு ஆங்காங்கே கொப்புளம் கொப்புளமாகப் பிரிந்துவிட்டால் எந்த நிலையத்திலும் ஒட்டித் தரமாட்டார்கள். மலிவான சட்டையின் உள்பூச்சு வெள்ளை வெள்ளையாக உதிர்ந்தால் அதற்கும் மருந்தில்லை. புதிய சட்டைகளுக்கு இன்னொரு சிக்கல் வந்திருக்கிறது. பழைய நீர்விலக்குப் பூச்சுகள் ஃபுளோரின் சேர்மங்களால் ஆனவை. அவை மண்ணிலும் நீரிலும் உடலிலும் நெடுங்காலம் சிதையாமல் தங்குவதால் உலக நாடுகள் ஒவ்வொன்றாகத் தடுத்து வருகின்றன. அவற்றில் ஒன்றான பி.எஃப்.ஓ.ஏ. 2019-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கைப் பட்டியலில் சேர்ந்தது. மாற்றாக வந்திருக்கும் ஃபுளோரின் இல்லாத பூச்சுகள் நீரை நன்றாகவே விலக்குகின்றன. எண்ணெயை விலக்குவதில் பின்தங்குகின்றன. உடல் எண்ணெய் சீக்கிரம் படியும், சீக்கிரம் துவைக்க வேண்டும். இது நல்ல மாற்றம். ஆனால் துவைக்கத் தெரியாதவர் வீட்டில் இந்தச் சட்டைகள் முன்பைவிடச் சீக்கிரம் குப்பைக்குப் போகும்.

ஜிப் கதை மட்டும் எளிது. அதற்காக எந்தக் கண்டத்துக்கும் அனுப்பாதீர்கள். ஜிப்பை மூடிய பிறகும் பின்னாலேயே வாய் பிளந்துகொண்டு வந்தால், பெரும்பாலும் பல் கெட்டிருக்காது. மேலும் கீழும் ஓடும் ரன்னரின் உள்வாய் தேய்ந்து அகன்றிருக்கும். சிறிய குறடால் அதன் இரு பக்கங்களையும் மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக அழுத்துங்கள். சரிவராவிட்டால் ரன்னரைத் திருப்பிப் பாருங்கள். முதுகில் 3, 5, 8 என்று ஓர் அளவு எண் இருக்கும். அதே எண்ணும் அதே வகையும் கொண்ட ரன்னர் தையல் சாமான் கடையில் ஓரிரு ரிங்கிட்டுக்குக் கிடைக்கும். எங்கள் ஊர்ப் பழைய கடைவரிசையில், ஐந்தடிப் பாதையில் தையல் இயந்திரம் வைத்திருக்கும் பெரியவர் ஐந்து நிமிடத்தில் மாற்றித் தருகிறார். உங்கள் பள்ளிப்பைகளில் பாதி இந்த ஒரு சின்ன உலோகத்துண்டுக்காகத்தான் தூக்கி எறியப்படுகின்றன.

அந்த மாணவியின் சட்டைக்கு வருவோம். எட்டு வாரம் காத்திருக்க முடியாது. மலையேற்றக் கடையில் தையல்களை அடைப்பதற்கென்றே ஒரு குழாய்ப்பசை விற்கிறது. விலை 38 ரிங்கிட். கழகப் பணத்தில் வாங்கினோம். உரிந்த நாடாவைப் பிய்த்து, மிச்சமிருந்த பிசுபிசுப்பைச் சாராயம் தொட்ட பஞ்சால் துடைத்து, தையல் வரிசைமேல் பசையைத் தூரிகையால் மெல்லத் தடவி ஓர் இரவு முழுக்கக் காயவிட்டாள். நிலையத்தில் செய்வதுபோல் அழகாக வரவில்லை. நத்தை ஊர்ந்த தடம் மாதிரி இருந்தது. ஆய்வுக்கூடக் குழாயின்கீழ் சட்டையைப் பிடித்து, உள்ளே ஒரு காகிதத் துவாலை வைத்துச் சோதித்தோம். கழுத்து காய்ந்தே இருந்தது. இடது மணிக்கட்டருகில் ஒரு புள்ளி நனைந்தது. அங்கே இன்னொரு பூச்சு.

ஈராவில் அன்று காலை ஏழு மணிக்குத் தொடங்கிய மழை பிற்பகல்வரை விடவில்லை. இறங்கி வந்து பேருந்தில் ஏறும்போது அவளிடம் கேட்டேன். கழுத்துக்குள் கைவிட்டுப் பார்த்து, காய்ந்திருக்கிறது என்றாள். இடது மணிக்கட்டை மட்டும் தூக்கிக் காட்டினாள். அந்தப் புள்ளியில் இன்னும் கசிகிறது.